பறவை பார்க்கப் போன ஆரஞ்சு பனியன்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவனோடு ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கையில் கொஞ்சம் பொறுமையும் நிறைய முறுக்கும் வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்செல்வன் வீட்டில் இதை எல்லோரும் அனுபவத்தில் கற்றிருந்தார்கள்.

போன வருஷம் அமராவதி அணைக்குக் கிளம்பிய கதையை அவன் மனைவி இந்துமதி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். விடிகாலையில் எழுந்து புளிச்சோறு கட்டி, பிள்ளைகளுக்குத் தலைவாரி, நால்வரும் காரில் ஏறினார்கள். "போற வழியில பிரிண்டிங்ல ரெண்டே நிமிஷம்" என்றான் தமிழ்செல்வன். பிரிண்டிங்கிலிருந்து துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங், அங்கிருந்து பட்டன் கடை, அங்கிருந்து போகிற வழியிலேயே இல்லாத, சாயம் போடும் ஒரு டையிங் யூனிட். புளிச்சோற்றை அந்த யூனிட் வாசலில்தான் பிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் பார்த்த இயற்கை என்று சொன்னால், வாசலில் படுத்திருந்த ஒரு பூனை. அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

கெட்டவன் இல்லை தமிழ்செல்வன். பிள்ளைகள் என்றால் உயிர். அந்த உயிரை அடுத்த ஷிப்மெண்ட் முடிந்ததும் கவனித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவன், அவ்வளவுதான். ஷிப்மெண்டுகளோ முடிந்தபாடில்லை.

இந்துமதியின் அக்கா வீட்டுக்காரர் குமாரசாமி வேறு ரகம். வங்கி உத்தியோகம், ஞாயிறு என்றால் ஞாயிறுதான். தொப்பி, பைனாகுலர், பறவைப் புத்தகம் சகிதம் மகள் தேஜஸ்ரீயை வாராவாரம் குளம், கரட்டு மேடு என்று கூட்டிப்போவார். தேஜஸ்ரீயும் தமிழ்செல்வனின் மூத்தவள் ஜனனியும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. திங்கட்கிழமை காலையில் தேஜஸ்ரீ நாரை, நீர்க்காகம் என்று அளப்பாள். ஜனனி, எட்டு கலர் அடிக்கும் பிரிண்டிங் மெஷினைப் பற்றிச் சொல்வாள். யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜனனி அப்பாவின் அருகில் வந்து நின்றாள்.

"அப்பா, இனிமே ஞாயித்துக்கெழமைக்கு நான் பெரியப்பா கூடப் போய்க்கறனுங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டியிருப்பான். அவளோ அப்பாவுக்கு ஒரு சுமையைக் குறைத்து விடுகிறவளாகச் சொன்னாள். தமிழ்செல்வனுக்குச் சுருக்கென்றது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையைக் குமாரசாமியிடம் கொடுத்தால் நாளைக்கு எதையெல்லாம் அவரிடம் போய்ச் சொல்வாளோ என்று நினைத்தபோது நிஜமாகவே பயம் வந்தது.

"ஒரே ஒரு ஞாயித்துக்கெழம எனக்குக் குடு சாமி. அன்னிக்கு உனக்கு ஒரு பறவை காட்டறேன். காட்டலீன்னா நீ பெரியப்பா கூடவே போய்க்க. அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"ஒரு வார்த்தை பேச மாட்டாராமா, நீ நம்பிக்க" என்று சமையலறையிலிருந்து இந்துமதியின் குரல் வந்தது.

ஜனனி யோசித்தாள். "காக்கா கணக்குல வராதுங்க."

"சரி."

"கோழியும் வராதுங்க."

கோழியை மனதில் வைத்திருந்தானோ என்னவோ, கொஞ்சம் தயங்கித்தான் அதற்கும் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் குடும்பம் கிளம்பியது. நால்வரும் ஒரே மாதிரி, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு டீ-சர்ட் பனியன், நெஞ்சுக்குக் குறுக்கே பளபளக்கும் சாம்பல் பட்டை. ஏதோ ஒரு நாட்டில் ரோடு போடுகிறவர்களுக்காகத் தைத்து, கடைசி நிமிஷத்தில் ரத்தான ஆர்டர் அது. மிஞ்சிய துணியில் பிள்ளைகள் சைஸுக்கும் தைத்தாகிவிட்டது. பனியன் கம்பெனிக்காரன் கடையில் காசு கொடுத்து பனியன் வாங்கினால் சொந்தபந்தம் என்ன பேசும்? அதனால் ஒரு வருஷமாக அந்த வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் ஆரஞ்சுதான்.

குன்னத்தூர்ப் பக்கம் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டுக்குப் போகிற வழியில் பெரிய குட்டை ஒன்று உண்டு. மழை பெய்து நிறைந்திருந்தது. அதை ஒட்டி ஏழெட்டு வருஷமாகப் போய்வந்திருக்கிறான், ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை. அங்கேதான் போகலாம் என்று முடிவு செய்திருந்தான். வழியில் பிரிண்டிங் யூனிட் வந்தபோது இந்துமதி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கழுத்தைத் திருப்பாமல் ஓட்டினான். தாடை மட்டும் கொஞ்சம் ஆடியது.

காரை நிறுத்திவிட்டுக் கரைமேல் ஏறினார்கள். தண்ணீர் ஓரத்தில் வெள்ளையும் கறுப்புமாக எத்தனையோ பறவைகள் இருந்தன. தமிழ்செல்வன் வாயெல்லாம் பல்லாக, "பாத்தியா கண்ணு!" என்று கையை நீட்டினான். நீட்டிய கை நீட்டியபடி இருக்க, குட்டை முழுவதும் படபடவென்று எழுந்து வட்டமடித்து அக்கரைக்குப் போய்விட்டது. அக்கரைக்குச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவை இக்கரைக்கு வந்துவிட்டன.

"பறக்கறதையெல்லாம் நான் சரியாப் பாக்கலீங்க" என்றாள் ஜனனி. கொஞ்ச நேரம் கழித்து, "பெரியப்பா வந்தா இப்புடிப் பறக்காதுங்க" என்றும் சொன்னாள்.

தமிழ்செல்வனுக்கு வியர்த்தது. அந்நேரம் பார்த்துப் பால்கேன்களோடு மொபெட்டில் வந்த ஒருவர் சடக்கென்று பிரேக் போட்டார்.

"அப்பாடா, ஒரு வழியா வந்துட்டீங்களா! எத்தன மனு குடுத்தோமுங்க. ஜல்லி எப்பங்க வருது?"

"ஜல்லீங்களா?"

"ரோடு அளக்கத்தான வந்துருக்கீங்க?"

"இல்லீங்க, நாங்க பறவை பாக்க வந்தோமுங்க."

அவர் நால்வரையும் உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். மூன்று வயது இளையவன் நித்தீஷின் நெஞ்சில் கூட அந்தப் பட்டை வெயிலில் மின்னியது.

"இந்தச் சட்டையிலீங்களா?" என்று கேட்டவர், இவர்கள் ஏதோ மறைக்கிறார்கள் என்கிற முகத்தோடு வண்டியைக் கிளப்பினார். "சரிங்க, அந்த வளைவுல மட்டும் நல்லாப் போட்டுக் குடுத்துருங்க."

இந்துமதி சிரித்தாள். நிற்க முடியாமல் கரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "கம்பெனிக்காரரே, ராத்திரி லாரிக்குக்கூட ரெண்டு பர்லாங்குக்கு முன்னாடி தெரியோணும்னு போட்ட கலருங்க இது. பறவைக்குத் தெரியாதுங்களா?"

தமிழ்செல்வன் பனியனைக் கழற்றப் போனான்.

"நீங்க கழட்டிக்குவீங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் இந்துமதி.

கையை இறக்கினான். வேறு துணி எடுத்து வரவில்லை. திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வந்தால் வெயில் ஏறிவிடும். ஜனனி ஏற்கெனவே காரை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு ஏமாற்றம் ஒன்றும் புதிதில்லை, அதைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை.

தண்ணீர் ஓரத்தில் ஆளுயரத்துக்குக் கோரை வளர்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு, இந்தப் பச்சையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று நினைவு வந்ததும் திரும்பிக் காரைப் பார்த்தான்.

கார் டிக்கியில் இருந்தது அந்தப் பச்சை. சனிக்கிழமை சாயங்காலம் காம்பாக்டிங்கிலிருந்து எடுத்துவந்த துணி ரோல், திங்கட்கிழமை காலையில் கட்டிங். வெளிநாட்டுக்காரன் மூன்று முறை ஷேடு சரியில்லை என்று திருப்பி அனுப்பி, நான்காவது முறை சம்மதித்த பாசிப்பச்சை. இன்னொரு தடவை சாயத்தில் போட்டால் அதே நிறம் வருமா என்பது சாயம் போடுகிறவனுக்கே தெரியாது. முறுக்குத் தின்ற கையோடு டிக்கிப் பக்கம் போனால் கையை ஒடிப்பேன் என்று கிளம்பும்போதுதான் பிள்ளைகளை மிரட்டியிருந்தான்.

போய் டிக்கியைத் திறந்தான். ரோலைச் சுற்றியிருந்த பாலித்தீனைக் கிழித்தான்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" இந்துமதியின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"சித்த இரு."

வட்ட மெஷினில் பின்னிய துணி தலையணை உறை மாதிரி குழாயாகத்தான் வரும், பக்கத்தில் தையலே இருக்காது. அப்படியே தைத்தால் உடம்புக்கு அழகாக உட்காரும் என்பது வெளிநாட்டுக்காரன் கணக்கு. பெரிய ஆள் ஒருவரும் குழந்தை ஒன்றும் உள்ளே நுழைந்து உட்காரலாம் என்பது தமிழ்செல்வன் அப்போது போட்ட கணக்கு. பேண்ட் பாக்கெட்டிலிருந்து நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்தான். முதல் வெட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு துண்டு வெட்டினான். ஒன்றில் இந்துமதியும் நித்தீஷும், இன்னொன்றில் அவனும் ஜனனியும். பார்க்க வேண்டுமே, அதற்காக மேலே இரண்டு ஓட்டை, கீழே இரண்டு ஓட்டை. வருஷம் முழுக்கத் துணியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று லைட் போட்டுத் தேடுகிறவன், அன்றைக்குத் தன் கையாலேயே ஓட்டை போட்டான்.

ஆளுக்கு ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கோரைக்குள் போய் உட்கார்ந்தார்கள். சேறு துணியில் ஏறியது. ஏறினால் ஏறட்டும் என்று இருந்தான்.

"வருதா?" என்றான் மெல்லிய குரலில். மெல்லிய குரல் என்பது அவன் நினைப்பு. பதினைந்து வருஷமாக மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, ரகசியம் பேசும் தொண்டை அவனுக்கு எப்போதோ போய்விட்டது. இறங்க வந்த ஒரு நாரை நடுவானத்திலேயே மனதை மாற்றிக்கொண்டது.

"உஸ்ஸுங்க!" ஜனனி சின்னக் கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

கையை அவள் எடுக்கவில்லை. அவனும் விலக்கவில்லை. அவள் மூச்சுவிடுவது காதில் கேட்டது. காலையில் சரியாகச் சாப்பிடாத அவள் வயிறு ஒரு தரம் கடமுடா என்றது. அவள் விழித்திருக்கும்போது அவள் பக்கத்தில் இப்படிப் பேசாமல் உட்கார்ந்ததே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, சந்தோஷமாக இருந்தது.

முதலில் பார்த்தது ஜனனிதான். அவன் விலாவில் ஒரு குத்து விழுந்தது. கோரை இடுக்கிலிருந்து கைப்பிடி அளவில் பழுப்பாக ஒன்று மிதந்து வந்தது. சட்டென்று தலைகீழாக முங்கிக் காணாமல் போனது. எங்கேயோ எழுந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அது முங்கவில்லை. அதன் முதுகு இறகுக்குள்ளிருந்து வரிவரியாக ஒரு குஞ்சுத் தலை எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொரு தலை.

"என்னங்கப்பா அது?" வாயைப் பொத்திய கை விலகியது.

தமிழ்செல்வனுக்குத் தெரியவில்லை. வாத்து என்று அடித்துவிடலாம். தேஜஸ்ரீ திங்கட்கிழமையே அதை உடைத்துவிடுவாள். குமாரசாமியாக இருந்தால் பெயர், ஊர், உண்ணும் உணவு எல்லாம் ஒப்பித்திருப்பார். ஆட்டம் முடிந்தது என்றுதான் நினைத்தான்.

"தெரியலையே கண்ணு."

"நெசமாலுமே தெரியாதுங்களா?"

"நெசமாலுமே தெரியாது."

"எனக்கும் தெரியாதுங்க" என்று அவள் குதூகலமாகச் சொன்னாள். அவன் மடியில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

அந்தப் பழுப்பு மறுபடியும் முங்கியது. "அங்க எந்திரிக்கும் பாருங்க" என்று அவள் துணிக்குள்ளிருந்தே விரலை நீட்டினாள். இல்லை, அந்தக் கல்லுப் பக்கம் என்று அவன் தலையால் காட்டினான். அது இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டு எங்கோ எழுந்து, மீன் ஒன்றை மற்றதன் முதுகில் இருந்த குஞ்சுக்கு ஊட்டியது. மறுபடி பந்தயம் கட்டினார்கள். அவன் ஒரு தடவையும் ஜெயிக்கவில்லை. திங்கட்கிழமை கட்டிங் என்பது அவனுக்கு மறந்தே போய்விட்டது. அப்படி ஒன்று மறக்கும் என்று யாராவது முதல்நாள் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான்.

"வாத்தூ!" பக்கத்துத் துணிக்குள்ளிருந்து நித்தீஷ் ஊர் கேட்கக் கத்தினான். கத்தினதோடு எழுந்து ஓடவும் பார்த்தான். அம்மாவும் மகனும் பச்சை மூட்டையாகச் சேற்றில் சாய்ந்தார்கள். தண்ணீரில் இருந்தவை முதுகுச் சுமையோடு கோரைக்குள் மறைந்தன. சாய்ந்த மூட்டைக்குள்ளிருந்து இந்துமதி சிரிக்கும் சத்தம் வந்தது. இந்த முறை தமிழ்செல்வனும் சேர்ந்து சிரித்தான், தொண்டை அனுமதித்த அளவுக்கு, அதாவது குட்டை முழுவதும் கேட்க.

காருக்குத் திரும்பித் துணியை உதறினார்கள். சேறு போகவில்லை.

"கட்டிங் மாஸ்டர் கேட்டா என்னங்க சொல்லுவீங்க?" என்றாள் இந்துமதி.

"மெஷின்ல ஊசி ஒடஞ்சு ஓட்டை உழுந்துருச்சுன்னு சொல்லிக்கறேன்."

"ஊசி ஒடஞ்சு ரெண்டு ரெண்டு கண்ணா உழுகுமுங்களா?"

துணி குறைகிறது, நாலு பீஸ் குறைத்து அனுப்புகிறேன் என்று வெளிநாட்டுக்காரனிடம் சொல்லித் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டான். இப்போது அவனுக்குக் கேட்க வேண்டியது வேறு. பின் சீட்டில் சேற்றுக் காலோடு முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஜனனியைக் கண்ணாடியில் பார்த்தான். காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா ஒரு பறவை காட்டிட்டேன்ல கண்ணு?"

"நீங்க எங்கீங்க காட்டுனீங்க? நாந்தான மொதல்ல பாத்தேன்."

அவள் சொன்னதுதான் சரி.

"அப்ப அடுத்த வாரம் பெரியப்பா கூடத்தான் போறியா?"

ஜனனி முறுக்கை முழுசாக மென்று விழுங்கினாள்.

"இல்லீங்க. பெரியப்பா எல்லாத்தையும் பாத்துட்டாங்க. நீங்கதான் பாவம், இன்னும் ஒண்ணுமே பாத்ததில்ல. உங்கள நான் கூட்டிட்டுப் போறனுங்க."

"சரிங்க" என்றான் தமிழ்செல்வன்.