சௌந்திரம் வலம் வந்த தாழ்வாரம்

நாளைக் காலை கௌதமன் துறவறத்துக்கான கடைசி வாக்கு கொடுத்துவிட்டால் சாகும்வரை இந்த மடம்தான் அவன் வீடு. அதற்குள் அவனைக் கையோடு எடப்பாடிக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்றுதான் சௌந்திரம் சங்ககிரியில் பஸ் இறங்கி வந்திருந்தாள். பெற்றது ஒரே பிள்ளை. அவனும் பெனடிக்ட் என்ற கிறிஸ்தவ சபையில் துறவியாகிவிட்டால் வீட்டில் தறிச்சத்தத்தைத் தவிர அவளுக்கு என்ன துணை?

வாக்கு கொடுப்பவரின் தாயை முந்தின நாள் உள்தாழ்வாரத்துக்குள் விடுவது அந்த மடத்து வழக்கம். வயதான துறவி ஒருவர் கதவைத் திறந்தார். நடுவில் வானம் பார்த்த சதுரத் தோட்டம், சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம்.

"வெளிநாட்டுச் சாமியாருங்க மூணு பக்கம் வளைவு வச்சுக் கட்டுனாங்க. அதுக்குள்ள உலகப்போர் வந்து அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. மிச்சமிருந்த நாலாவது பக்கத்த நம்ம கோயில் கட்டுற கல்தச்சருங்க முடிச்சாங்க" என்றார்.

அந்தப் பக்கம் மட்டும் கல்தூண்கள், தலையில் வாழைப்பூ செதுக்கியவை. கோயில் என்று நினைக்கச் சௌந்திரத்துக்கு அது போதும். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, வலமாகச் சுற்றத் தொடங்கினாள். அங்கே துறவிகள் காலங்காலமாக இடமாகத்தான் சுற்றுகிறார்கள், அதுவும் வாய் பேசாமல் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிற ஆளா அவள்.

மணி அடித்தது. வெள்ளை அங்கிகள் வரிசையாக எதிரே வந்தன, நடுவில் கௌதமன். அம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது, வாய் திறக்கவில்லை. கடந்துபோனவன் பாதிச் சுற்றில் மறுபடி எதிர்ப்பட்டான். வீட்டில் இருந்தவரை தூக்கமில்லாமல் கண் சிவந்து கிடந்த பிள்ளை, இங்கே எவ்வளவு தெளிந்திருந்தான்!

மூன்றாம் முறை அவன் வரிசையை விட்டு விலகி, திரும்பி, அவள் பக்கத்தில் வலமாகவே நடந்தான். எதிரே வந்த துறவிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சௌந்திரத்துக்கு முதலில் நெஞ்சு நிறைந்தது. பிறகு பயம் வந்தது. ஒரு வார்த்தை கூப்பிட்டால் இவன் பஸ் ஏறிவிடுவான். ஆனால் இந்த முகம் கூடவே வராது என்று பெற்றவளுக்குத் தெரிந்தது.

சுற்று முடிந்து இருவரும் கதவைத் தாண்டினார்கள். அங்கே பேசலாம்.

"ஏனுங்கம்மா, என்னமோ கேக்கோணும்னு வந்தீங்களாட்ட இருக்குது" என்றான்.

அவள் முந்தானையால் அவன் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"ஆமா சாமி. நாளைக்கு நீ வாக்குக் குடுக்கறப்ப எனக்கு முன்வரிசையில உக்கார எடம் வேணும்."