தையல்காரியின் அண்ணன்

கொள்ளைக் காய்ச்சல் வந்த ஆண்டு, முந்நூற்று நாற்பது வயதான இரத்தக் குடியன் ஒருவன் நாற்பத்தொரு வீடுகளின் நோயைக் குடித்து முடித்துவிட்டு, தையல்காரி வீட்டு முன்னறையிலேயே தங்கிவிட்டான். ஊர் அவனைப் பழையவன் என்று அழைத்தது. உப்புக் கிடங்கின் நிலவறையில் இருந்தான். கோட்டைச் சுவருக்குக் கல் சுமந்தவன், மூன்று முற்றுகைகளில் வடக்கு வாசலில் தனியாக நின்றவன். ஒவ்வொரு முறையும் உடம்பில் தைத்த அம்புகளைப் பிடுங்கித் துடைத்து அம்பு செய்பவரிடமே கொடுத்தான். பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருந்தன. மற்ற நாட்களில் இறைச்சிக்கடைக்காரர் வைக்கும் ஆட்டு இரத்தமே அவனுக்குப் போதும். ஊர் அவனை மதித்தது, ஆனால் அவன் இருக்கும் தெருவில் யாரும் நடக்கவில்லை. மரியாதை வேறு, கழுத்து வேறு.

காய்ச்சல் வந்தால் அவனைக் கூப்பிட ஒரு முறை இருந்தது. இரவில் அவன் பசி கூடும் என்பதால், மேகம் மூடிய பகலில் வாசலில் நின்று "வாங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். அவன் நோயாளியின் மணிக்கட்டில் வாய் வைத்து நோயை உறிஞ்சுவான். எல்லா வீடும் முடிந்ததும் மேகம் கலையுமுன் மூன்று நாள் நடையிலுள்ள உப்பளத்துக்குப் போய், கொட்டகை நிழலில் கழுத்துவரை உப்பில் புதைந்து, உள்ளே இருப்பது சாகும்வரை நாற்பது நாள் கிடப்பான். அப்படிக் கூப்பிட்டால் அவன் விருந்தாளி, வந்த வழியே போய்விடுவான். உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அவன் உறவாகிவிடுவான், அந்த வீட்டை விட்டுத் தனியாகப் போக அவனால் முடியாது. இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தையல்காரிக்கும் தெரியும். ஆனால் அவள் துணி கொண்டு வருபவர்களையெல்லாம் அண்ணே, அக்கா என்றே இருபது வருடமாகக் கூப்பிட்டுப் பழகியவள். ஒரே மகள் கண் செருகிக் கிடந்தபோது, அவள் வாய் தன் பாட்டுக்குப் பேசிவிட்டது.

"அண்ணே, சீக்கிரம் வாங்கண்ணே."

பழையவன் வாசற்படியில் ஒரு கணம் நின்றான். "என்னம்மா இப்படிச் சொல்லிட்டே" என்றான். பிறகு உள்ளே வந்தான்.

மகள் அன்று மாலையே எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். அவன் போகவில்லை. முன்னறை மூலையில், துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தான். குடித்த நோயெல்லாம் அவனுக்குள் உயிரோடு இருந்ததால், நாற்பத்தொரு குரல்களில் இருமினான். கொல்லர் இருமுவது தனியாகக் கேட்டது, பள்ளி ஆசிரியரின் வறட்டு இருமல் தனியாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் கடைசியில் மகளின் குரல் மெல்லியதாக இருமும். அப்போதெல்லாம் தையல்காரி ஓடிப்போய்ப் பக்கத்தறையில் தூங்கும் மகளைத் தொட்டுப் பார்ப்பாள். நோய் உள்ளே இருக்கும்வரை அவனுக்கு ஆட்டு இரத்தம் இறங்காது. பட்டினியாகவே கிடந்தான். அவள் ஊசியில் விரலைக் குத்திக்கொண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். பத்து நாளில் அவள் பாதியாக இளைத்துப் போனாள்.

மழை நின்று வெயில் வந்தது. ஊர்த்தலைவர் தெருவிலேயே நின்றபடி பேசினார்.

"ரெண்டு வழிதான் இருக்கு. நீ என் அண்ணன் இல்லைன்னு அவன் முகத்தைப் பார்த்து மூணு தடவை சொல்லு. அந்த நிமிஷமே வாசலைத் தாண்டிடுவான்."

"வெயில்ல எரிஞ்சு போயிடுவாரே."

"போகட்டும். நோயும் சேர்ந்து எரியும். அவன் அடக்கி வெச்சிருக்கிறது வெளிய வந்தா முதல்ல உன் பொண்ணுதான்."

"இன்னொரு வழி?"

"நீயே கூட நடந்து உப்பளத்துல கொண்டுபோய் விடணும்" என்று சொல்லி அவர் சிரித்தார். பசித்தவனோடு மூன்று நாள் நடக்க யாருக்குப் பைத்தியம்?

அவள் உள்ளே போய் அவன் எதிரே உட்கார்ந்தாள். மகளை நினைத்துக்கொண்டாள். அவனே பேசினான்.

"சொல்லிடும்மா. நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

"நீ என் அண்ணன் இல்லை" என்றாள். ஒரு முறை. அவன் எழுந்து நின்று, இரண்டாவதுக்காகக் காத்திருந்தான். வேட்டியில் ஒட்டியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, வீணாகக்கூடாதென்று அவளுடைய நூல்கூடையில் போட்டான். அவள் அந்தக் கூடையையே பார்த்தாள். பெற்ற பிள்ளையை மீட்டுக் கொடுத்தவனை வெயிலில் தள்ளிவிட்டு, அதே பிள்ளைக்கு எந்த முகத்தோடு சோறு போடுவது?

அன்றே வீட்டிலிருந்த கறுப்புத்துணி முழுவதையும் நான்கு மடிப்பாக வைத்துத் தைக்கத் தொடங்கினாள். இருவர் சேர்ந்து போர்த்தினால் தரைவரை தொங்கும் ஒரே போர்வை. மகளை நெசவுக்காரி வீட்டில் விட்டாள். மூன்றாம் நாள் நடுப்பகலில் இருவரும் ஒரே துணிக்குள் தெருவில் நடந்தார்கள். மற்ற நாற்பது வீடுகளும் கதவைச் சாத்திக்கொண்டு, தங்கள் இருமல் தெருவில் போவதைக் கேட்டன.

நடையின் இரண்டாம் நாள் அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

"தள்ளி நடம்மா."

"தள்ளினா துணி விலகும்ண்ணே."

கொஞ்சதூரம் போனதும், "பயமா இருக்கா?" என்றான்.

"உசுரே போகுது."

"எனக்கும்தான்" என்றான் அவன். தன் முன்கையைத் தானே கடித்துக்கொண்டு மீதி வழியை நடந்தான்.

உப்பளத்தில் நாற்பது நாளும் அவள் காத்திருந்தாள். இருமல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மகளுடையது கடைசியாக அடங்கியது. உறவுக்காரனுக்குப் போக வேறு இடமில்லை என்பதால் அவனையும் அழைத்துக்கொண்டே வீடு திரும்பினாள். ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இறைச்சிக்கடைக்காரர் மட்டும் மறுநாள் முதல் பாத்திரத்தை இந்த வாசலில் வைத்தார்.

வந்த அன்றே பழையவன் கொல்லரை வரவழைத்து, முன்னறையின் உள்கதவுக்கு அவள் படுக்கும் பக்கத்தில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள் போடச் சொன்னான். அதற்குப்பின் முப்பத்தோரு வருடம் அவர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவளுக்குப் பயம் போகவே இல்லை. ஒவ்வொரு இரவும் அந்தத் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். ஒவ்வொரு காலையும் அவளேதான் எழுந்துபோய் அதைத் திறந்தாள்.