பவுடர் போடாத காலை

சலவைக்கடையில் அவளுக்குப் பவுடரக்கா என்று பெயர். இஸ்திரிப் பெட்டிகளின் சூட்டில் மற்றவர்கள் வேர்த்து வழியும்போது, அவள் மட்டும் கழுத்தில் வெள்ளைப் பூச்சோடு மணக்க மணக்க நிற்பாள். யாராவது கிண்டல் செய்தால், "உனக்கு ஏன் வயிறெரியுது" என்பாள்.

அப்பேர்ப்பட்டவள் இன்றைக்குப் பவுடரைத் தொடக்கூடாது. மார்பகப் பரிசோதனை மையத்து நர்ஸ் நேற்றே போனில் சொல்லிவிட்டாள். பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம், படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து குழப்பும். இன்னொன்றும் சொன்னாள். குடும்பத்தில் யாருக்காவது மார்பில் புற்றுநோய் இருந்ததா என்று காலையில் கூப்பிட்டுக் கேட்பாளாம்.

இருந்தது. அம்மாவுக்கு. ஆனால் அம்மா காய்ச்சலில் போனாள் என்றுதான் ஊர் உலகத்துக்குத் தெரியும். அப்படித்தான் சொல்லவேண்டும் என்று அம்மா இவளுடைய அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அக்கா தலையே போனாலும் சொன்ன சொல் தவறமாட்டாள். இன்று தங்கைக்குத் துணையாக வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"கேட்டா இல்லன்னு சொல்லிடு."

"பொய் சொல்லிட்டுப் பரிசோதனைக்குப் போறதுக்கு, போகாமலே இருக்கலாம்."

"நீ போ, பாத்துட்டு வா. அம்மா பேச்சு மட்டும் வேண்டாம்."

தங்கை குளிக்கப் போனாள். குளித்துவிட்டு, கழற்றிமாட்ட வசதியாகப் பாவாடையும் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும் போட்டு, மேல் பட்டனைப் பூட்டாமல் கண்ணாடி முன் நின்றாள். அக்கா பஸ் நெரிசலைப் பற்றி ஏதோ புலம்பிக்கொண்டே அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்தாள், உள்ளங்கையில் கொட்டினாள், தங்கையின் கழுத்திலும் நெஞ்சிலும் அப்பினாள். அப்பி முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"அடிப்பாவி, அதத்தானே போடக்கூடாதுன்னாங்க."

"வெறுங்கழுத்தோட உன்னை வெளிய அனுப்பிப் பழக்கமில்லடி. கை தானா போயிடுச்சு."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு குளியலறையில் தங்கை சட்டையைக் கழற்ற, அக்கா துண்டை நனைத்து, சோப்புப் போட்டுத் துடைக்கத் தொடங்கினாள். ஈரம் பட்டதும் பவுடர் வாசனை குப்பென்று எழுந்தது.

பள்ளிக்கூடம் கிளம்பும்முன் அம்மா இருவரையும் வரிசையாக நிறுத்துவாள். தாடையைப் பிடித்து, "கண்ண மூடு, வாய மூடு" என்று பூசுவாள். மூடிய வாயைத் திறந்து தங்கை ஊதுவாள், அக்காவின் சீருடையெல்லாம் வெள்ளையாகும். ஆளுக்கொரு அடி விழும். அந்த அடி இப்போது விழுந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தங்கைக்கு.

கடைசி வருஷம் அம்மா டப்பா டப்பாவாகப் பூசினாள். "வயசாக வயசாக மேக்கப்பைப் பாரு" என்று இவர்கள் கேலி செய்தார்கள். புண்ணின் வாடையை மறைக்கத்தான் அத்தனையும் என்று தெரிந்தபோது காரியம் கைமீறிவிட்டது.

"அம்மா வாசனைக்கா" என்றாள் தங்கை.

அக்காவின் கை நின்றது. "எனக்கும் அதான் தோணுச்சு. மனுஷி ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லியிருந்தா" என்றாள். துண்டை மறுபடி பிழிந்தாள்.

அப்போது போன் அடித்தது. தங்கையின் கழுத்தெல்லாம் நுரை. அக்காதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வர்றீங்கல்லம்மா? ஒரே ஒரு கேள்வி. உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த நோய் இருந்துச்சா?"

தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பொய், 'இல்ல' என்று அக்காவின் உதடுவரை வந்துவிட்டது.

"இருந்துச்சும்மா" என்றாள் அக்கா. "எங்கம்மாவுக்கு. மார்ல கட்டி. அதுலதான் செத்துப்போனாங்க."

தங்கைக்குக் கண் நிறைந்தது. அந்த வார்த்தைகளை வாய்விட்டு யாரும் சொல்லி அவள் கேட்டதேயில்லை.

"குரல் வேற மாதிரி இருக்கே, பேசறது யாரு?"

"அவளோட அக்கா. எனக்கும் அவங்கதான் அம்மா. எனக்கும் ஒரு நாள் குறிச்சுக்கோங்க."