இராயப்பர் நாற்காலி

பெரிய வியாழக்கிழமை மாலைப் பூசையில் பித்தளைச் சட்டியைக் கவிழ்த்தது நான்தான். தண்ணீர் முதலில் சவரியப்பனின் வேட்டியை நனைத்தது. அப்புறம் பங்குச்சாமியாரின் அங்கியை. அப்புறம் பாடகர் குழுவின் ஜமுக்காளத்தை. கடைசியாக மைக் வயரை நோக்கிப் போனபோது ஆர்மோனியக்காரர் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடினார். பட்டாசு ஊர்க்காரர்களுக்கு எப்போது ஓட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, அன்றைக்குச் சாமியார் ஊரில் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். முதல் நாற்காலி பேதுருவுக்கு. பழைய ஆட்கள் பேதுருவை இராயப்பர் என்பார்கள். அதனால் அது இராயப்பர் நாற்காலி. பல வருடமாக அதில் இந்த மிக்கேல்தான். யாரும் கொடுக்கவில்லை, ஒருமுறை போய் உட்கார்ந்தேன், யாரும் எழுப்பவில்லை. காலுக்குச் சந்தன சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் அடித்துக்கொண்டுதான் கழுவுவதற்குப் போவேன்.

இந்த வருடம் வந்த புதுச் சாமியார் ஒரு மாற்றம் சொன்னார். “நான் முதல் ஆள் காலைக் கழுவுவேன். அவர் அடுத்தவர் காலைக் கழுவணும். அப்படியே கடைசி வரைக்கும்.”

கேட்டவுடன் எனக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்தால் ஊருக்கு நல்லதில்லை என்பது என் மனைவி புஷ்பத்தின் கருத்து.

சவரியப்பனும் நானும் சின்ன வயதில் அங்கி போட்டு ஒன்றாகப் பூசைக்கு உதவியவர்கள். புனித வாரத்தின் கடைசி நாட்களில் கோவில் மணியை அடிக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவோம். கட்டை ஒன்று, பையன்கள் இரண்டு. என் முறையில் கட்டையால் தட்டுவேன், அவன் முறையில் வாயாலேயே தட்டுவேன். வெயிலில் தார் உருகிய சாத்தூர் ரோட்டில், ஒற்றைச் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நொண்டியிருக்கிறோம். இப்போதும் எங்காவது மரத்தை மரம் தட்டும் சத்தம் கேட்டால் என் உள்ளங்கால் சுடும்.

பிறகு நான் சிவகாசி காலண்டருக்கு ஆர்டர் பிடிப்பவன் ஆனேன். அவன் அச்சங்குளத்திலிருந்து பட்டாசு லோடு ஓட்டினான். ஊரில் இருந்தால் சாயங்காலம் டீ ஒன்றாகத்தான். போன வருடம் அவன் மகள் கல்யாணத்துக்குப் பிறகு அது நின்றது. என்னைக் கண்டால் வண்டிக்கு அடியில் போய் எதையோ பார்ப்பான். ஏன் என்று எல்லாரிடமும் கேட்டேன்.

“உங்களுக்கா தெரியாது?” என்றாள் புஷ்பம்.

“தெரிஞ்சா ஏன்டி கேக்கேன்?”

“தெரியாதவுகளுக்குச் சொல்லி என்ன ஆகப்போவுது?”

அவனிடமே கேட்டேன். “ஏலே சவரி, பந்தியில எனக்கு ரெண்டு எலும்பு கூட விழுந்துட்டுன்னா கோவம்?” அவன் டயரைத் தட்டிப் பார்த்தான்.

ஆகவே சாமியாரிடம் நைசாகப் பேசி, சவரியப்பனை எனக்கு அடுத்த நாற்காலியில் போட வைத்தேன். ஊரே பார்க்க நான் மண்டி போட்டு அவன் காலைக் கழுவுவேன். மிக்கேலுக்கு எம்புட்டுத் தாழ்மை என்று நாலு பேர் கண்ணைத் துடைப்பார்கள். அவனும் பேசித்தானே ஆக வேண்டும்?

மண்டி போட்டேன். சவரியப்பன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். “வேண்டாம்லே,” என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “ஏலே, வேண்டாம்னு சொல்றது இராயப்பர் வசனம். அந்த நாற்காலி என்னோடது!”

கோவில் சிரித்தது. சிரிப்புக் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. திரும்பினேன். முட்டி இடித்துச் சட்டி கவிழ்ந்தது.

பூசை முடிந்ததும் சாமியார் என் கையில் துடைக்கிற துணியைக் கொடுத்தார். திட்டவில்லை. “இன்னைக்கு வாசகத்தை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க,” என்றார். “ஒத்திகையில நானே வாசிச்சதுதான சாமி,” என்றேன். “ஆமா, நல்ல சத்தமா வாசிச்சீங்க,” என்று சொல்லிவிட்டு ஈர அங்கியோடு போனார்.

வாசக மேடையில் விவிலியம் திறந்தபடியே இருந்தது. சத்தமில்லாமல் படித்தேன். என் காலைக் கழுவ ஒருக்காலும் விடமாட்டேன் என்கிறார் இராயப்பர். கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று ஆண்டவர் சொன்னதும், அப்படியானால் கையையும் தலையையும் சேர்த்துக் கழுவும் என்கிறார். முதலில் ஒன்றும் வேண்டாம். அடுத்த நிமிஷம் மற்றவர்களைவிட எனக்குக் கூடுதலாக. சும்மா காலை நீட்டிக்கொண்டு உட்கார அந்த மனிதரால் முடியவில்லை. ஆண்டவர் அதற்குச் சிரிக்கவும் இல்லை. இத்தனை வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கும் எனக்கும் இவ்வளவு ஒற்றுமை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

துடைக்கக் குனிந்தபோது எதிரில் இன்னொரு துணி நகர்ந்தது. சவரியப்பன். ஈர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரி வரியாகத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

வாயில் மூன்று நக்கல் வரிசை கட்டி நின்றது. மூன்றையும் விழுங்கினேன்.

“சவரி, நான் என்னலே பண்ணினேன்?”

அவன் துணியைப் பிழிந்தான். எனக்கு மறுபடியும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. குனிந்து தரையைத் துடைத்தேன். பிழிந்து முடித்து, உதறி, தரையில் உட்கார்ந்தான்.

“எம் மக கல்யாணத்துல மைக்க வாங்கினே. மொதல்ல ஒன்னைய நீயே கிண்டலடிச்சே. பெறகு, சின்ன வயசுல நான் திருவிழாச் சோத்த அங்கிக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோனதச் சொன்னே. சம்பந்தகாரக அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. அந்தச் சோறு எங்கம்மாவுக்குலே. படுக்கையில கெடந்தா. ஒனக்குத் தெரியும், நீதான் எனக்குக் கோவில் கதவத் தொறந்துவிட்டே. அத மட்டும் சொல்லல.” மூச்சு விட்டான். “ஒன்னைய நீயே கிண்டலடிச்சுக்கிட்டா, எவனும் ஒன்மேல கோவப்படக் கூடாதுன்னு நெனைக்கே. எனக்குக் கோவம்தாம்லே. இன்னும் போகல. ஏன் இம்புட்டு நாளாச் சொல்லலன்னா, நீ இன்னைக்குத்தான் சிரிக்காமக் கேட்டிருக்கே.”