மரகதம் வெடி

என் மூஞ்சியைப் பார்த்தால் ஜனங்களுக்குச் சிரிப்பு வருகிறது. இதை யாராவது கேலியாகச் சொன்னால் எனக்குக் கோபம் வராது. பரிதாபப்பட்டுச் சொன்னால்தான் வரும். "கதாநாயகி ஆக முடியலையேன்னு வருத்தமா மேடம்?" என்று சென்னையில் ஒரு பத்திரிகைக்காரப் பெண் கேட்டாள். "ஏம்மா, வாரா வாரம் அழுகிறவளுக்குக் கிளிசரின் வாங்க வேண்டும். எனக்கு ஒரு புருவம் போதும், செலவு மிச்சம்" என்றேன்.

ஆமத்தூர் பாண்டிமீனா என்றால் யாருக்கும் தெரியாது. மாடிவீட்டு மரகதம் என்றால் ரேஷன் கடை வரிசையில்கூட வழி விடுவார்கள். 2000-ல் விருதுநகர் நாடகக் குழுவோடு சென்னைக்குப் போனேன். ஒரு வருஷம் கூட்டத்தில் நிற்கிற வேஷம், கீரை விற்கிற வேஷம், நாலு நர்ஸ் வேஷம். அப்புறம் அந்த டி.வி. நகைச்சுவைத் தொடர் வந்தது. வீட்டுக்காரரோடு ஓயாமல் சண்டை போடும் குடித்தனக்காரி மரகதம். இரண்டே வாரத்து வேஷம்தான். இரண்டாவது வாரம், யாரும் சொல்லாமலே, குடத்தோடு மாடிப்படியில் உருண்டேன். கேமராக்காரர் சிரித்த சிரிப்பில் படம் ஆடிப்போய், அந்தக் காட்சியை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. எழுதுகிறவர் மரகதத்தை அனுப்பவே இல்லை. ஆறு வருஷமாக உருண்டுகொண்டிருக்கிறேன்.

எல்லாருக்கும் பிடித்தது, ஒருத்தியைத் தவிர. என்னைப் பெற்ற முத்துமாரியம்மாள். நான் பஸ் ஏறிய அன்று, "போனா அப்படியே போயிரு" என்றாள். அவளுக்கு வீம்பு, அவள் வயிற்றில் பிறந்த எனக்கு மட்டும் இருக்காதா? போனேன். ஆனால் மனசு கேட்காமல் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவேன். "வேலையா இருக்கேன்னு சொல்லுத்தா" என்று பின்னால் அவள் குரல் கேட்கும். ஏழு வருஷத்தில் அந்தக் குரலில் எனக்கு வந்தது அவ்வளவுதான்.

2007 ஆடி மாதம், சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்று என் படத்தை லேபிளில் போடக் கேட்டது. அதுவரை லேபிளில் வந்ததெல்லாம் சாமியும் சினிமாக் கதாநாயகிகளும்தான். முதல் தடவையாகச் சிரிப்பு நடிகை. வெடிக்குப் பெயரே 'மரகதம் வெடி'. ஒவ்வொரு வெடி மேலும் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை ஏன் மறைக்க வேண்டும்?

தொடருக்குப் பத்து நாள் விடுமுறை கிடைத்ததும் சிவகாசிக்குப் போனேன். கம்பெனிப் பங்குதாரர் பீர் முகைதீன், அச்சு மணம் போகாத லேபிள் தாளை விரித்துக் காட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஒரு சங்கடம் தங்கச்சி. வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டி லேபிள் ஒட்டுற வேலையை ஆமத்தூர்ல ஏழெட்டு வீட்டுக்குக் குடுத்திருக்கோம். மருந்து அடைக்கிறதெல்லாம் அப்புறம் இங்கன ஃபேக்டரியில. அதுல ஒரு வீட்டுல மட்டும் லேபிளைப் பூராம் திருப்பி அனுப்பிட்டாக."

"எந்த வீடு பாய்?"

அவர் தாளை மடித்தார். "உங்க அம்மாதான். இருபது வருஷத்துல அவுக வேலையைத் திருப்பினதே இல்ல."

ஊரெல்லாம் ஒட்டுகிற என் மூஞ்சி பெற்றவளுக்கு ஆகவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. போனில் விரட்டினாள், பொறுத்தேன். இது கம்பெனிக்காரர் முன்னால் என்னைச் செருப்பால் அடித்த மாதிரி. இன்றைக்கு இரண்டில் ஒன்று, இனி எனக்குத் தாய் உண்டா இல்லையா என்று கேட்டுவிடுவது என்று, ஒரு லேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு காரை ஆமத்தூருக்கு விடச் சொன்னேன்.

அம்மா வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. கை வேகம் குறையவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி உருட்டினாள்.

"ஏன் திருப்பி அனுப்புன?" என்றேன்.

அவள் அடுத்த காகிதத்தை எடுத்தாள்.

"நான் உனக்கு அம்புட்டு அசிங்கமாப் போயிட்டேனா? கூலிக்குக்கூட என் மூஞ்சியைத் தொட மாட்டியா?"

உருட்டுக் கம்பியைக் கீழே வைத்தாள். "அதை வெடிச்சா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? சத்தம் வரும்."

"சத்தம் வரும். மறுநா காலையில தெருவெல்லாம் உன் மூஞ்சி கிழிஞ்சு கிடக்கும். கண்ணு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். போறவன் வாறவன் மிதிப்பான். வாசல் கூட்டுறவ நான். நானே அதை அள்ளிக் குப்பையில போடணுமாக்கும்?"

காரில் வரும்போது ஒத்திகை பார்த்த வசனம் அத்தனையும் எனக்கு மறந்துபோனது. ஏழு வருஷத்தில் நான் ஒன்றை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை. இவளுக்கு வலிக்கும் என்று. அவள் முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. கிளிசரின் இல்லாமலே வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க நான் வரவில்லை.

"அம்மா, வெடிக்காத வெடியை யாராவது சீந்துவாகளா? நமுத்துப்போய் ஓரமா முழுசாக் கிடந்தாத்தான் எனக்கு அசிங்கம். நான் வாரா வாரம் விழுறேன். சனம் சிரிக்குது. மறுவாரம் எந்திரிச்சு வாறேன். என் தொழில் அது. அதுல நான் கெட்டிக்காரி."

அம்மா விரலில் காய்ந்திருந்த பசையை முந்தானையில் துடைத்தாள். "போன சனிக்கிழமை விழுந்தப்ப இடுப்புல அடியா?" என்றாள்.

"இல்ல. அடியில மெத்தை போட்டிருந்துச்சு."

"மெத்தைன்னு தெரியுது. காலை முன்னாடியே தூக்கிட்ட."

ஆறு வருஷத்தில் எந்த டைரக்டரும் கண்டுபிடிக்காத பிசகு.

அவள் என் கையிலிருந்த லேபிளைப் பிடுங்கி ஒரு குழாயில் சுற்றிப் பார்த்தாள். குழாய் சின்னது. தாளின் இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஒரு மடிப்பு விழும். நூல் பிசகினால் படம் அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

"மத்த வீட்டுக்கெல்லாம் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"அவளுக எண்ணிக்கைக்கு ஒட்டுவாளுக. கோணலா ஒட்டி மூக்கை மடிப்புல விட்டுருவாளுக." பசைக் கிண்ணத்தை முன்னால் இழுத்தாள். "வெடிக்கிறது வெடிக்கட்டும். வெடிக்கிற வரைக்கும் மூக்கும் முழியுமா இருக்கணும். எல்லா வீட்டு லேபிளையும் வாங்கி இங்கன அனுப்பச் சொல்லு."

பீர் முகைதீனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் பதறிவிட்டார். "சீசன் நேரம் தங்கச்சி. அம்புட்டு லோடு. அவுக ஒத்த ஆளா எப்படி ஒட்டுவாக?"

அம்மா என்னைக் கேட்கவில்லை. போன் பக்கமாகக் குனிந்து சொன்னாள்:

"ஒத்த ஆளு இல்ல பாய். எம்மக வந்திருக்கா. ஒரு வாரம் இருப்பா."