இரவு கிடந்த தண்ணீர்

மேரிசாந்தி வீட்டுச் சிங்க் கழுவித் துடைத்துப் பளபளத்தது. பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பைப்பைத் திறந்தனீங்களோ?"

"ஓம் அக்கா, நீங்கள் வாறதுக்கு முதல் நல்லா ஓடவிட்டனான். இரவு முழுக்கக் கிடந்த தண்ணியை வாற ஆளுக்குக் குடுக்கலாமே?" பெருமையோடு சிரித்தாள்.

நான் வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் சாம்பிள் எடுக்கிறவள். கோலியர்ஸ் வுட்டில் இந்த வரிசை வீடுகள் எல்லாம் பழசு. பக்கத்து வீட்டுத் தண்ணீரில் ஈயம் அளவுக்கு மிஞ்சி இருந்ததால்தான் இங்கே வந்தேன். இரவெல்லாம் குழாயில் கிடந்த முதல் தண்ணீரில்தான் அது தெரியும். திறக்க வேண்டாம் என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எங்கள் சனத்துக்குக் காது அடைத்துவிடும்.

"கோவிக்காதேங்கோ, கிளாரிற்றா அக்கா, நாளைக்கு வந்து எடுங்கோ."

கதிரையில் கட்டிவைத்திருந்த கைப்பிள்ளை பசியில் சிணுங்கியது. அவள் பிளாஸ்க்கைத் திறந்து பால்போத்தலில் ஊற்றப் போனாள்.

"அது எப்ப பிடிச்ச தண்ணி?"

"விடிய எழும்பின உடனை. காய்ச்சிறதுதானே எண்டு பிள்ளைக்கு முதல் வாறதைப் பிடிச்சுப் பாதியா வத்தக் காய்ச்சி வைக்கிறனான். பச்சைத் தண்ணி ஒரு சொட்டும் குடுக்கிறேல்லை."

"போத்தலை வையுங்கோ!" என்று கத்திவிட்டேன். பிள்ளை வீரிட்டது.

சிங்கின் கீழே அடுக்கியிருந்த அரிசிப் பைகளை இழுத்துப் போட்டுவிட்டு டோர்ச் அடித்தேன். நிலத்திலிருந்து பெயின்ட் பூசிய குழாய் ஒன்று ஏறியது. செம்பாக இருக்கட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டு ஒரு நாணயத்தால் சுரண்டினேன். மெழுகுபோல இளகிக் கொடுத்தது. உள்ளே வெள்ளியாக மினுங்கியது. ஈயமேதான்.

"காய்ச்சினால் எல்லாம் செத்துப்போகும்தானே, அக்கா?"

"கிருமிதான் சாகும். வத்த வத்தத் தண்ணிதான் குறையும், ஈயம் அப்பிடியே நிக்கும்."

அவள் பிள்ளையைப் பார்த்தாள். "அப்ப நான் பார்த்துப் பார்த்துக் காய்ச்சினது..." இன்றைக்கே டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதிக்க வேண்டும், குழாயை மாற்ற வேண்டும் என்று கடகடவென்று ஒப்புவித்தேன். கேட்டாளோ தெரியாது. பிள்ளையின் அழுகை ஏறிக்கொண்டே போனது.

"இப்ப இவனுக்கு என்னத்தைக் குடுக்க?"

"நல்லா ஓடவிட்டுப் புதுசா வாற தண்ணியை ஒருக்காக் கொதிக்க வைச்சுப் பால்மாவைக் கரையுங்கோ. ரோட்டுப் பெரிய குழாயிலை இருந்து வாற தண்ணியிலை பிழையில்லை."

பைப்பைத் திறந்து ஓடவிட்டாள். பிறகு ஒரு கிளாஸ் நிறையப் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். சிரிப்பும் உபசாரமும் போன இடம் தெரியவில்லை.

"நீங்கள் குடியுங்கோ பாப்பம்."

ஒரு மிடறில் தெரியவரும் சாமானில்லை ஈயம். அது இப்போது அவளுக்கும் தெரியும். குடித்தேன். சொன்னது நானே என்றாலும் பயமாகத்தான் இருந்தது. கிளாஸ் காலியாகும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகுதான் கொதிக்கவைக்கக் கேத்திலை எடுத்தாள்.