டெல்பர்ட் ஷ்ரோயரின் நான்கு ஸ்டாண்டுகள்

டெல்பர்ட் ஷ்ரோயர் மீது அவருடைய சொந்தக் கார் விழ ஆரம்பித்தது 1974 அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு. விழுந்து முடித்தது 1985 மார்ச் பன்னிரண்டாம் தேதி பிற்பகலில். இடைப்பட்ட பத்து வருடம் ஐந்து மாதமும் அவர் அதன் அடியில்தான் படுத்திருந்தார். எங்கள் ஹாகன்பர்க்கில் இதை யாரும் மறுப்பதில்லை, எல்லோருமே போய்ப் பார்த்தவர்கள்தானே. நானே நூறு சனிக்கிழமைக்கு மேல் போயிருக்கிறேன், கையில் பீர் பாட்டிலோடு. அங்கே வெறுங்கையோடு போனவரும் இல்லை, உருப்படியாக ஒன்றைச் செய்துவிட்டுத் திரும்பியவரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காரை ஜாக்கியால் தூக்கினால், அடியில் இரும்பு ஸ்டாண்டு முட்டுக் கொடுக்காமல் உள்ளே தலையை நீட்டக் கூடாது என்பது ஓஹையோவில் இந்தப் பக்கம் பேச்சு வந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். டெல்பர்ட்டுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். விவசாய இயந்திரத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். ஒரு பழைய லாரியின் அச்சுக் குழாயை அறுத்து, தன் கையாலேயே நான்கு ஸ்டாண்டுகள் செய்து வைத்திருந்தார். ஒரு சாண் உயரத்துக்கு இறக்கலாம், முழங்கால் உயரத்துக்கு ஏற்றலாம், எத்தனை வருடம் ஆனாலும் அசையாது. ஆனால் அந்த நான்கும் அந்த வருட வசந்தத்திலிருந்து பக்கத்து வீட்டு வெர்ஜில் நீகாம்ப்பிடம் இரவலில் இருந்தன. வெர்ஜில் புதிதாக ஒரு படகு வாங்கியிருந்தார். அதை நிறுத்தி வைக்க ஒரு வாரத்துக்கு என்று சொல்லி வாங்கிப் போனார். ஏரி ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. படகு ஒரு நாளும் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவர் வீட்டுப் பக்கவாட்டுப் புல்வெளியில் டெல்பர்ட்டின் ஸ்டாண்டுகள் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊரில் இரவல் கொடுத்த கருவியைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் கிடையாது. வாங்கியவனாகத் துடைத்து, துருவைச் சுரண்டி, புதிதாகப் பெயிண்ட் அடித்து, ஆறு பாட்டில் பீரோடு கொண்டுவந்து தர வேண்டும். அதுவரை கொடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் அவன் அற்பன். அதேபோல, ஒருத்தன் கூப்பிடாமல் அவன் காரிலோ கருவியிலோ இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது. இதை நாங்கள் நாகரிகம் என்று நினைத்திருந்தோம். இன்னமும் அப்படித்தான் நினைக்கிறோம்.

ஆகவே டெல்பர்ட் கேட்கவில்லை. சமையலறையை ஒட்டிய ஷெட்டில் காரின் முன்பக்கத்தைத் தூக்கி, ஹாலோ பிளாக் கல் இரண்டை முட்டாக வைத்து, ஆயில் மாற்ற அடியில் போனார். கல் பிஸ்கட்டைப் போல உடைந்தது. கார் படீரென்று இறங்கி, அவர் நெஞ்சுக்கு மேல் நான்கு விரற்கடை மிச்சம் இருக்கும்போது அதன் அவசரம் போய்விட்டது. நின்றுவிடவில்லை, மெதுவாக விழுந்துகொண்டுதான் இருந்தது. தொழிற்சாலை அளவுகோலைக் கொண்டுவந்து அளந்தோம். மாதத்துக்கு இரண்டு போஸ்ட் கார்டு கனம் இறங்கியது. தோள்கள் இரண்டும் அடிச்சட்டத்துக்குள் வசமாகச் சிக்கியிருந்தன. தலையும் வலது கையும் மட்டும் வெளியே தாராளமாக அசைந்தன.

மனைவி லோரீன் கூப்பிட, ஊரே திரண்டது. வண்டி இழுக்கிற ரஸ் தன் கிரேனை மாட்டி இழுத்தார், கம்பி அறுந்தது. ஆளுக்கு இரண்டு ஸ்டாண்டு கொண்டுவந்து வைத்தோம், ஒரே வாரத்தில் எல்லாம் அப்பளமாக நொறுங்கின. அப்போதுதான் லோரீன் சமையலறைக் கதவுக்கு முட்டாக வைத்திருந்த இரும்புத் துண்டை எடுத்து வந்தார். டெல்பர்ட் ஸ்டாண்டு செய்தபோது மிஞ்சிய குழாய் அது, ஒரு சாண் நீளம். அதை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு முன், எதையும் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்வதே முறை என்று நாங்கள் பின்பக்கத்தில் வைத்துச் சோதித்தோம். சோதனை வெற்றி. பின்பக்கம் அந்த நிமிடமே அசையாமல் நின்றது. முன்பக்கம் வைக்கலாம் என்று எடுக்கப் போனால், துண்டு வரவில்லை. நாலு பேர் சம்மட்டியால் அடித்தும் வரவில்லை.

"அப்ப சரி, டெல் செஞ்சதுதான் டெல் காரத் தாங்கும் போல" என்றார் ரஸ்.

ஷெட்டின் ஜன்னல் வழியாக வெர்ஜிலின் படகு தெளிவாகத் தெரிந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம். பிறகு ஒருவர், நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது என்றார். அதை எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

வெர்ஜில் ஏன் தானாகக் கொடுக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 1969 தவக்காலத்தில், சர்ச் கூடத்தில் மீன் வறுத்துப் போட்ட வெள்ளிக்கிழமை, ஆயில் மாற்றக் காரைக் கடையில் விட்டதாக வெர்ஜில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். டெல்பர்ட் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏன் வெர்ஜில், ஷூ லேஸ் கட்டிவிடவும் கடைக்குத்தான் போவியா?" என்றார். இருநூறு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து வெர்ஜிலுக்குப் பெயர் லேஸ். மாமனார் வீட்டில்கூட லேஸ். அந்த டெல்பர்ட் தன்னிடம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் வெர்ஜிலின் ஆசை. கேட்ட மறுநிமிடம் கொடுத்துவிடுவதாக அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார். பொய்யில்லை, கெட்ட மனிதர் இல்லை அவர். டெல்பர்ட்டும் கெட்டவர் இல்லை. இரண்டு நல்லவர்களுக்கு நடுவே ஒரு கார் விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

முதல் குளிர்காலத்திலேயே லோரீன் ஆப்பிள் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வெர்ஜில் வீட்டுக்குப் போனார். கேட்க மாட்டேன் என்று கணவரிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சோள விளைச்சலைப் பற்றிப் பேசினார்.

"உங்க படகு நல்லா உயரமா நிக்குது வெர்ஜில்."

"ஆமா. ஸ்டாண்டு நல்ல ஸ்டாண்டுல்ல."

"மழைக்கும் பனிக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"எதுக்கு, ஸ்டாண்டுக்கா?"

"இல்ல... படகுக்கு."

"அதுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு." வெர்ஜில் இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார். வாசல் வரை வந்து, "டெல் எதாச்சும் கேட்டாரா?" என்றார்.

"இல்லையே."

"கேட்டா சொல்லுங்க."

லோரீன் காலித் தட்டோடு திரும்பினார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவர் கேக் சுடவில்லை.

சனிக்கிழமைகளில் நாங்கள் கூடினோம். மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, டெல்பர்ட் என்ன செய்திருக்க வேண்டும் என்று அவருக்கே விளக்கினோம்.

"கல்ல நட்டுக்க வெச்சிருக்கணும் டெல். படுக்கப் போட்டே பாரு, அங்கதான் தப்பு."

"கல்லே வெச்சிருக்கக் கூடாதுப்பா."

"ஹேண்ட் பிரேக்காவது போட்டியா?"

"போட்டேன்டா" என்பார் டெல்பர்ட் தரையிலிருந்து.

"அப்ப ஓகே."

அவர் எங்களை ஷூவை வைத்தே அடையாளம் தெரிந்துகொண்டார். என்னைப் பார்த்து, புது ஷூவா, வலது குதிகால் தேயுதே, முட்டியைக் காட்டு டாக்டரிடம் என்பார். அக்கறையாகத்தான் சொல்வார். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. சும்மா கிடப்பானேன் என்று எட்டுகிற இடத்தையெல்லாம் ஒற்றைக் கையால் துடைத்து, கிரீஸ் வைத்து, அக்டோபர் தவறாமல் ஆயிலும் மாற்றினார். இந்த மாவட்டத்திலேயே சுத்தமான அடிப்பாகம் அந்தக் காருடையது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். போலீஸ்காரர் வந்து பார்த்து, சொந்தக் கார், சொந்த ஷெட், எங்களுக்கு இதில் வேலையில்லை என்று போனார். இன்ஷூரன்ஸ்காரர், விபத்து இன்னும் முடியவில்லையே என்றார். பாதிரியார் ஒவ்வொரு அக்டோபரும் வந்து, சாகப் போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயை டெல்பர்ட் நெற்றியில் பூசிவிட்டு, மிச்சமிருந்த பீரைக் குடித்துவிட்டுப் போனார்.

இடம் குறையக் குறைய ஆளும் மெலிய வேண்டும் அல்லவா. டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தார், லோரீன் அதன்படி சமைத்தார். முதல் இரண்டு வருடம் கோழியும் நூடுல்ஸும் கிடைத்தது. பிறகு கோழி நின்றது. பிறகு நூடுல்ஸ் நின்றது. ஏழாவது வருடத்திலிருந்து வெறும் சூப்பு, அதுவும் டீ கப்பில். ஊருக்கே சமைத்துப் போட்ட கை அது. கட்டிய புருஷனைப் பட்டினி போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்கு விதித்திருந்தது.

"இன்னும் ரெண்டு ஸ்பூன் குடேன் லோரீன்."

"வேணாம் டெல். இந்த மாசம் ரெண்டு கார்டு இறங்கியிருக்கு."

"ஒரே ஒரு ஸ்பூன்."

"வாய மூடு" என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். தண்ணீர்ச் சத்தத்துக்கு அர்த்தம் டெல்பர்ட்டுக்குத் தெரியும். அவர் வயிறு நிறையச் சாப்பிடாதபோது தானும் சாப்பிடக் கூடாது என்று லோரீன் ரகசியமாக வைத்திருந்த விரதம் மட்டும் அவருக்குத் தெரியாது.

1985 மார்ச் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை காலை அது தெரிந்தது. சமையலறையில் தொப்பென்று ஒரு சத்தம். திறந்திருந்த கதவு வழியாக லோரீனின் பாதங்கள் இரண்டும் படுத்த வாக்கில் கிடப்பதை டெல்பர்ட் பார்த்தார். ஒரு செருப்பு கழன்றிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கத்த முடியவில்லை, நெஞ்சு விரிந்தால் கார் இடிக்கும். அந்தப் பாதங்களையே முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கட்டை விரல் அசைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்த மனைவியிடம், பத்து வருடமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"லோரீன், வெர்ஜிலுக்கு அந்த ஸ்டாண்டு இன்னும் தேவைப்படுதான்னு கேட்டுட்டு வா."

லோரீன் ஒற்றைச் செருப்போடு ஓடினார். கதவைத் திறந்த வெர்ஜிலுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை.

"டெல்லா கேட்டாரு? அவர் வாயாலயா?"

"அவர் வாயாலதான்."

வெர்ஜிலின் கண்ணில் தண்ணீர் நின்றது. செருப்புப் போடாமலே புல்வெளிக்கு ஓடி, படகுக்குக் கீழே மாற்று முட்டு வைக்கக்கூட மறந்து, நான்கு ஸ்டாண்டுகளையும் ஒவ்வொன்றாக உருவி வெளியே எடுத்தார். பிறகு நான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் துருவேறி, எறும்பு மண்ணோடு இருந்தன.

"இப்படியே எப்படிக் குடுக்கறது? சுரண்டி, ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சு நாளைக்குக் காலையில கொண்டாந்துடறேன்."

"அதெல்லாம் எதுக்குங்க" என்றார் லோரீன்.

"சும்மா இருங்க. பத்து வருஷம் வெச்சிருந்துட்டு அழுக்கோடயா குடுப்பாங்க?"

"பரவாயில்லைங்க, அப்படியே குடுங்க."

"என்னை அற்பனாக்காதீங்க."

எங்கள் ஊரில் பரவாயில்லை என்று மூன்று தடவை சொன்னாலும் அது வெறும் மரியாதை. லோரீனும் எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான். அதற்கு மேல் வற்புறுத்த அவருக்கு வாய் வரவில்லை. அதோடு, காருக்கும் நெஞ்சுக்கும் நடுவே இன்னும் இரண்டு கார்டு இடம் இருந்தது. கணக்குப்படி ஒரு மாதம். ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

திரும்பி வந்து, வெர்ஜில் அழுததையும், சிவப்புப் பெயிண்ட் தேடிக் கடைக்குப் போயிருப்பதையும், காலையில் கொண்டுவரப் போவதையும் கணவரிடம் சொன்னார். டெல்பர்ட் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அப்பாடா" என்றார். பத்து வருடம் ஐந்து மாதமாக இழுக்காத மூச்சை, மறந்துபோய், முழுதாக ஒரு தடவை இழுத்தார். நெஞ்சு போய்க் காரைத் தொட்டது. தொட்டதும் காருக்குத் தன் கனம் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வெர்ஜில் வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஆறு பாட்டில் பீர். தள்ளுவண்டியில் நான்கு ஸ்டாண்டுகள், தக்காளிச் சிவப்பில், ஒரு திட்டு விடாமல் அடித்த பெயிண்டோடு. ஷெட்டில் நாங்கள் ஏற்கெனவே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றிருந்தோம். விழுந்து முடித்த கார் எல்லாக் காரையும் போல ஆகிவிட்டிருந்தது. ஒரு சாதாரண ஜாக்கியே அதைத் தூக்கிவிட்டது. அடியில் வெர்ஜிலே ஸ்டாண்டுகளை வைத்தார். அவை இம்மி அசையவில்லை. அவற்றின் துணையில்தான் டெல்பர்ட்டை வெளியே எடுத்தோம், இரண்டு பேர் போதுமாக இருந்தது. அவர் சட்டையில் சிவப்புப் பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது. இரண்டாவது கோட் சரியாகக் காயவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் லோரீன் காரை ஸ்டார்ட் செய்தார். ஒரே தடவையில் பிடித்தது. மளிகைக் கடைக்குப் போய் ஒரு முழுக் கோழி வாங்கி, திரும்பி வரும்போது வெர்ஜில் வீட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினார். ஸ்டாண்டுகளை உருவியது முதல் படகு அதே இடத்தில், அதே முழங்கால் உயரத்தில், அடியில் ஒன்றும் இல்லாமல் நின்றிருந்தது. பக்கத்து வீட்டு நாய் அதற்குக் கீழே நடந்து அந்தப் பக்கம் போனது. அந்தப் படகுக்கு ஸ்டாண்டே தேவைப்பட்டிருக்கவில்லை.

வெர்ஜில் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிடித்தபடி நின்றார். லோரீன் கண்ணாடியை இறக்கினார்.

"உங்க படகு நல்லா உயரமா நிக்குது வெர்ஜில்."

"ஆமா" என்றார் வெர்ஜில்.

லோரீன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வெர்ஜில் படகுக்குக் கீழே இருந்த புல்லையும் வெட்டி முடித்தார். முன்பு நாலு ஸ்டாண்டையும் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டியிருந்தது, இப்போது நேராகத் தள்ளிக்கொண்டு போக முடிகிறது.